வலது மூலையில் எழுதிய பெயர்

786
கோட்டைமேடு, கோயமுத்தூர்
11.6.1995

மதிப்பிற்குரிய நஞ்சுண்டன் அண்ணனுக்கு, தாஜுன்னிசா எழுதுவது.

இங்கே நானும் ஷாஹுலும் மருமகள் இஃப்ராவும் சுகம். நீங்களும் ராசாத்தாள் அண்ணியும் சுகமாக இருப்பது இன்றைய பேப்பரிலேயே தெரிந்துவிட்டது. ஞாயிறு மலரில் அரைப் பக்கத்துக்கு உங்கள் போட்டோ. தோளில் பேக்பைப், பக்கத்தில் வெள்ளைக்காரர். தொப்பை கொஞ்சம் போட்டிருக்கிறது.

இஃப்ராதான் படித்துக் காட்டினாள். அந்தக் காலத்தில் நம் மில்லுக்கு இன்ஜினியராக இருந்த லேமண்ட் துரை பேண்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்காட்லாந்து நடன மெட்டுகள் ஒரு கையெழுத்து நோட்டில் பத்திரமாக இருந்தனவாம். டங்கன் என்கிற ஆராய்ச்சியாளர் கோபிக்கு வந்து அதைக் கண்டுபிடித்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறாராம். நோட்டில் கடைசியாக இருக்கும் மெட்டு அவர்கள் நாட்டிலேயே எங்கும் இல்லாததாம். துரையே போட்டதாம். ஆகஸ்டில் நீங்கள் எடின்பரோ போய் அதை வாசிக்கப் போகிறீர்களாம்.

நோட்டின் ஒரு பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அது என் கையெழுத்து. ஷாஹுல் வயிற்றில் இருந்த வருஷம் துரையின் பழைய தாள்களைக் கரையான் அரிக்க ஆரம்பித்தது. ஷாஹுலின் அத்தா ஐந்தைந்து கோடாகப் போட்டுக்கொடுக்க, நான் அறுபத்திரண்டு மெட்டையும் பார்த்து எழுதினேன். எனக்கு ஒரு சுரமும் வாசிக்கத் தெரியாது, ஆனால் கை சுத்தம். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அது எங்கள் வீட்டு நோட்டு. அவர் மௌத்தான நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நீங்கள் வந்தீர்கள். நான் இத்தாவில் உள்ளறையில் இருந்தேன், வெளியே வர முடியாது. ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஷாஹுலிடம் கேட்டு வாங்கிப் போனீர்கள். இரண்டு வருஷம் ஆகிறது.

அந்தக் கடைசி மெட்டு யார் போட்டது என்று இப்போது உயிரோடு இருப்பவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொன்று நீங்கள். நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். அது என் வீட்டுக்காரர் அப்துல் வஹீது போட்ட மெட்டு என்று அந்த வெள்ளைக்காரருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

தாஜுன்னிசா


உ
கோபிசெட்டிபாளையம்
19.6.1995

அன்புத் தங்கை தாஜுன்னிசாவுக்கு, அண்ணன் நஞ்சுண்டன் ஆசியுடன் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. பேப்பரில் வந்தது நல்ல போட்டோ இல்லை. நல்லது ஒன்று எடுத்தார்கள், அதைப் போடவில்லை.

நோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இப்போது எடின்பரோவில் ஒரு பெரிய நூலகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஏ.சி. போட்ட அறையில் இருக்கிறது. நம்மிடம் இருந்திருந்தால் இந்நேரம் பூச்சி தின்றிருக்கும். உங்கள் கையெழுத்தை அவர்கள் அவ்வளவு மெச்சுகிறார்கள். அதற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்.

மெட்டு விஷயம். பக்கத்தின் வலது மூலையில் லேமண்ட் என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான் அல்ல, நீங்கள். டங்கன் என்னைக் கேட்டார், காகிதத்தில் இருப்பதைச் சொன்னேன். எழுத்தில் இருப்பதை மாற்றிச் சொல்ல நான் யார்?

வஹீது தங்கமான மனுஷர். துரை ஊருக்குப் போனபிறகு இருபத்தேழு வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாளாவது இதைப் பற்றி வாயைத் திறந்தாரா? அவரே சும்மா இருந்த விஷயத்தை நாம் ஏன் கிளற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பத்திரிகைக்காரர்கள் காதுக்கு எட்டினால் இரண்டு வீட்டுக்கும் அசிங்கம்.

அங்கே கம்பளிச் சால்வை நன்றாக இருக்குமாம். உங்களுக்கு ஒன்று வாங்கி வருகிறேன். ராசாத்தாள் உங்களை விசாரித்தாள்.

நஞ்சுண்டன்


786
கோட்டைமேடு
27.6.1995

நஞ்சுண்டன் அண்ணனுக்கு,

சால்வை வேண்டாம். கோயமுத்தூர் குளிருக்கு என் பழைய துப்பட்டி போதும்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் ஒரு தடவை முழுதாக எழுதுகிறேன்.

எனக்கு நாலு வயசில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் சூம்பிவிட்டது. கல்யாணம் ஆகி மில் லைன் வீட்டுக்கு வந்த புதிதில், குழாயடியில் இருந்து குடத்தோடு நடந்து வருவேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் குழலை வைத்துச் சாதகம் பண்ணுவார். ஒரு நாள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "தாஜு, அந்தக் கொடத்த எடுத்துட்டு இன்னொருக்கா நடந்து வா" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

பிறகுதான் சொன்னார். ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒரு நடன மெட்டு வகை. அதில் சில இடங்களில் முதல் சுரம் வெடுக்கென்று குட்டையாக விழ வேண்டும், அடுத்தது இழுத்து நிற்க வேண்டும். துரை ஒரு வருஷம் கத்தியும் பேண்டில் ஒருவருக்கும் அது படியவில்லை. "எங்க பத்துப் பேருக்கும் வராதது உன்ற காலுக்கு வருது. ஒரு எடத்துலகூடத் தப்பலை" என்றார். இரண்டு மாதம் உட்கார்ந்து அந்த மெட்டைப் போட்டார். வீட்டில் நான் நடக்க நடக்க ஒவ்வொரு வரியாக வந்தது. அந்த நாலு வயசில் இருந்து என் காலைப் பார்த்து எல்லோரும் ஐயோ பாவம் என்றுதான் சொன்னார்கள். நல்ல வார்த்தை சொன்னது அந்த ஒரு மெட்டுதான்.

இனி மூலைக்கு வருகிறேன். வெள்ளைக்காரர்கள் புத்தகத்தில் வலது மூலையில் மெட்டுப் போட்டவர் பெயர் இருக்கும். நம் பேண்டில் அப்படி இல்லை. யாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டோமோ அவர் பெயரைப் போடுவோம். பாதி மெட்டுகளுக்குத் துரை பெயர் இருப்பது அதனால்தான். பதினாலாவது மெட்டின் மூலையில் நம் பேண்டில் வாசித்த பிட்டர் ரசாக் பெயர் இருக்கிறது. அது துரையின் தாத்தா காலத்து மெட்டு. ரசாக்கா அதைப் போட்டார்? அந்த ஆராய்ச்சியாளர் இதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லையா?

அறுபத்தாறில் துரைக்கு வழியனுப்பு விழா. துரையின் மெட்டுகள் மட்டும்தான் வாசிக்க வேண்டும், நோட்டைத் துரைக்குக் காட்ட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "அம்மணி, மூலைல எழுதறது மெட்டுப் போட்டவன் பேரில்லீங்க, சொல்லிக் குடுத்தவன் பேரு. வஹீதுக்குப் பைப்புப் புடிக்கச் சொல்லிக் குடுத்தது ஆரு? தொரைதானுங்களே. இந்த ஒரு நாளைக்கு எழுதிப் போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றீர்கள். நான் பென்சில் கேட்டேன். நீங்கள் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தீர்கள்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். எனக்கு வாய்த்த கதி, இரண்டு பேரும் நீங்கள்தான். விழுந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். எழுதிப் போடுங்கள்.

தாஜுன்னிசா


உ
கோபிசெட்டிபாளையம்
8.7.1995

தங்கை தாஜுன்னிசாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது என் பேத்தி நித்யஸ்ரீ. பிரிக்கப் பார்த்தாள், நான் பிடுங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளையிடம் நான் எதையும் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. இனிமேல் இப்படிப்பட்ட விஷயத்தை எழுதுவதானால் கவரின் மேல் என் கைக்கு மட்டும் என்று போடுங்கள்.

நான் திருடன் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நானும் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

பேண்டில் அந்த மெட்டை முதலில் மதித்தவன் நான். லைன் வீட்டு வாசலிலேயே கிடந்து செத்துப்போக வேண்டிய மெட்டு அது. அத்தனை பெரிய சபையில் வாசிக்க வைத்தது யார்? கார்டிங்கில் பஞ்சு அடிக்கிற ஒரு ஆள் தானாக மெட்டுப் போட்டான் என்று சொல்லியிருந்தால் அந்த மேனேஜர் வாசிக்க விட்டிருப்பானா? வஹீதைக் கேட்டுத்தான் செய்தேன். "வாசிச்சாப் போதுமுங்க" என்றார். அந்த வார்த்தையை நீங்கள் எழுதவில்லை.

விழாவில் நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெண்களை அன்றைக்கு உள்ளே விடவில்லை. வாசித்து முடித்ததும் துரை நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனார். இது எப்போது நான் போட்டது, எனக்கே மறந்துவிட்டதே என்றார். கிழவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்த காலம். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. நீங்கள் வந்த முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தீர்கள் சார் என்று நான்தான் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் என்னத்தைச் சொல்வது? அடுத்த வாரம் அவர் சொல்லித்தான் மேனேஜர் என்னைப் பேண்டு மாஸ்டர் ஆக்கினார்.

வஹீது என்னைவிட நன்றாக வாசிப்பார். அது எனக்கும் தெரியும், பேண்டுக்கும் தெரியும். போதுமா?

இப்போது பாஸ்போர்ட் வந்துவிட்டது, டிக்கெட்டும் வந்துவிட்டது. என் சொந்த ஊர் அன்னூரில் உறவுக்காரர்கள் எல்லாம் கூடிச் சால்வை போட்டு மேடை ஏற்றிவிட்டார்கள். நித்யஸ்ரீ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. போய்விட்டு வந்தபிறகு நானே டங்கனுக்கு எழுதிவிடுகிறேன். அவிநாசியப்பர் மேல் ஆணை. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுண்டன்


786
கோட்டைமேடு
15.7.1995

நஞ்சுண்டன் அவர்களுக்கு,

மாலை மரியாதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தபிறகு சொல்வதற்குப் பெயர் உண்மை இல்லை. உங்கள் சாமியை இதில் இழுக்காதீர்கள், அவர் பாவம்.

"வாசிச்சாப் போதும்" என்று அவர் சொன்னது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். அதற்குப் பிறகு பேண்டோடு நூறு தடவை வாசித்திருப்பார், வீட்டில் ஒரு தடவையும் வாசித்ததில்லை. நான் கேட்டதற்கு, "அது தொரை மெட்டு தாஜு, தொரை ஊட்டுல போய்க் கேளு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாயைத் திறந்தாரா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இதை எழுதினேன்.

பேப்பர் ஆபீசில் விலாசம் வாங்கி இஃப்ரா அந்த வெள்ளைக்காரருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிவிட்டாள். ரசாக் பெயர் இருக்கும் மூலையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். என் கையெழுத்துக்கு மாதிரியாக ஒரு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். அவர் கட்டாயம் உங்களைக் கேட்பார். நீங்கள் நீளமாக ஒன்றும் பேச வேண்டியதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை.

தாஜுன்னிசா


எடின்பரோ
24.8.1995

தாஜுன்னிசா அம்மணிக்கு,

இதை எழுதாமல் வந்துவிடலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

டங்கன் கேட்டார். கச்சேரிக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, இங்கே டாக்டராக இருக்கும் ஒரு தமிழ்ப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இஃப்ராவின் கடிதத்தை முழுக்கப் படித்தார். மூலையில் யார் பெயர் போடுவது வழக்கம் என்று கேட்டார். ரசாக் பெயரைக் காட்டினார். அவர் கோபப்படவில்லை. ஒரு இந்தியத் தொழிலாளி இதைப் போட்டார் என்றால் அது எங்களுக்கு இன்னும் பெரிய செய்தி, புத்தகத்தைத் திருத்திப் போடுவதில் சந்தோஷம்தான் என்றார். உங்கள் பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள்தானே வாசிக்கப் போகிறீர்கள் என்றும் சொன்னார்.

இவ்வளவு தூரம் கதவைத் திறந்து வைத்தார். நான் இல்லை என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். போன வருஷம் கோபியில் ரசாக் பெயரைப் பற்றி அவர் ஏற்கெனவே கேட்டார். அந்தப் பக்கத்தைத் தைத்துக்கொடுத்தவர் பெயர் என்று அப்போது சொல்லி வைத்திருந்தேன். இப்போது ஆமாம் என்றால் அது பொய் என்று ஆகிவிடும். அந்தத் தமிழ்ப் பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புருஷனை இழந்த பெண், அவர் பெயரை எங்காவது பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லிவிட்டேன். பையன் அதை இங்கிலீஷில் சொன்னதும் டங்கன் ரொம்ப வருத்தப்பட்டார். உங்களுக்கு அன்பாக ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

அப்புறம் வாசித்தேன். எட்டுப் பேர் ஜோடி ஜோடியாக நின்று ஆடினார்கள். குதிகாலைத் தரையில் வைக்காமல், ஒரு அடி பிசகாமல் ஆடினார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. நான் கெட்டவன் அம்மணி. கோழை. வஹீது பக்கத்தில் நின்றிருந்தால்கூட இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

நஞ்சுண்டன்


உ
கோபிசெட்டிபாளையம்
4.11.1995

தாஜுன்னிசா அம்மணிக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. போட வேண்டும் என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

இரண்டு மாதம் யோசித்து ஒரு வழி கண்டேன். இத்துடன் ஒரு ஒட்டிய கவர் வைத்திருக்கிறேன். உள்ளே நடந்தது எல்லாவற்றையும், வஹீது அந்த மெட்டைப் போட்டது முதல் நான் எடின்பரோவில் சொன்னது வரை, எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஈரோட்டில் ஒரு வக்கீலை வைத்து இங்கிலீஷிலும் டைப் அடித்து, நோட்டரி முத்திரையும் வாங்கிவிட்டேன். மேலே டங்கன் விலாசம் எழுதி, வெளிநாட்டுக்கு வேண்டிய ஸ்டாம்பும் ஒட்டியிருக்கிறேன்.

நான் கண்ணை மூடியபிறகு நீங்கள் இதைத் தபாலில் போட்டுவிடுங்கள். எனக்கு அறுபத்தினாலு ஆகிறது. சர்க்கரை இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிராது. உயிரோடு இருக்கும்வரை நித்யஸ்ரீ என்னைத் தாத்தா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். அதற்கப்புறம் ஊர் காறித் துப்பினாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. வஹீதுக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேர்ந்துவிடும்.

இதற்காவது சரி என்று சொல்லுங்கள்.

நஞ்சுண்டன்


786
கோட்டைமேடு
18.11.1995

நஞ்சுண்டன் அவர்களுக்கு,

கவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்கவில்லை. ஸ்டாம்பும் அப்படியே இருக்கிறது.

வந்த அன்றைக்கு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். என்றைக்காவது ஒரு நாள் அவர் பெயர் வரும் என்று நினைத்து, கவரைப் பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நான் மனசு உடைந்துபோய் அப்படி எழுதிவிட்டேன் என்று நினைத்து டங்கன் எனக்கு அன்பாக எழுதிய கடிதமும் அதே பீரோவில்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் பேப்பர் வந்ததும் காலமானார் பகுதியைப் பார்த்தேன். வழக்கமாக நான் அந்தப் பக்கம் போகிறவள் இல்லை. அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாள் பேப்பர்காரன் வரத் தாமதம் ஆனபோது வாசலில் போய் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று இஃப்ரா கேட்டாள். சும்மா என்றேன்.

நேற்று வந்திருந்தது. அன்னூர் நஞ்சுண்டன், வயது அறுபத்தினாலு. போட்டோ இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பீரோச் சாவியை எடுக்க எழுந்தும்விட்டேன். இஃப்ரா மிச்சத்தையும் படித்தாள். அவர் மளிகைக் கடை வைத்திருந்தவராம். மூன்று பெண்களாம்.

யாரோ ஒரு மனுஷர். அவருடைய மௌத்துக்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் எப்படி அழுதுகொண்டிருந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் அப்படி அழுதவள். நேற்று முழுக்க நான் தொழுகைப் பாயை விட்டு எழவில்லை.

என் வீட்டில் இருந்து நோட்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். அவர் மெட்டை எடுத்துக்கொண்டீர்கள். என்னைப் பொய்க்காரி ஆக்கினீர்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒருவர் சாவுக்காகத் தினமும் காத்திருக்கிற பொம்பளையாக என்னால் இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் பெயர் அப்படித்தான் வர வேண்டும் என்றால் அது வராமலே போகட்டும். இதை எழுத எனக்கு இஷ்டம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் தெருமுனையிலேயே தபால் பெட்டி இருப்பது எனக்குத் தெரியும். போட நினைத்தால் இன்றைக்கே போடலாம். போடாவிட்டால் கவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கவரோடு நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும்.

தாஜுன்னிசா